ஆங்கில வகுப்பில் மாணவரைப் பேசவைக்கக் குரல் பதிவு: ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பில் 40 பேர், பாடவேளை 45 நிமிடம், ஆசிரியர் கையில் ஒரு ஸ்மார்ட்போன், மாலையில் பல வீடுகளில் பெற்றோரின் கைபேசி ஆகியவை மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் வசதி உள்ள பள்ளிகளில் வேலை எளிதாகுமே தவிர, படிகளின் வரிசை மாறாது.

40 பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து பேசினால் பாடவேளை அதோடு முடிந்துவிடும். ஒருவர் பேசும்போது மற்ற 39 பேருக்கும் வேலை இல்லை. நடைமுறையில் அதுவும் நடப்பதில்லை, முன்வரிசையில் இருக்கும் நாலைந்து பேரே திரும்பத் திரும்ப எழுவார்கள். குரல் பதிவு இருந்தால், கூச்சப்படும் மாணவர்கூட யாரும் பார்க்காத இடத்தில் பேசலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம், தன் பேச்சைத் தானே கேட்கலாம், அதையே இன்னொரு முறை மேலாகச் சொல்லலாம். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமானது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டாம் பதிவை நோக்கியே அமைந்துள்ளன. முதல் பதிவோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இது வீட்டுப்பாடத்தின் இன்னொரு வடிவமாகவே போய்விடும்.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

முதலில் தலைமை ஆசிரியரின் அனுமதி, அடுத்து பெற்றோரின் கையெழுத்து. ஒப்புதல் கடிதம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். என்ன பதிவு செய்யப்படும், அதை யார் யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. குழந்தையின் குரலும் தனிநபர் தரவுதான். வாட்ஸ்அப் கணக்கு வைத்திருக்கக் குறைந்தபட்ச வயது 13 என்பதால், எட்டாம் வகுப்பு மாணவர் எவரையும் புதிதாகக் கணக்கு தொடங்கச் சொல்ல வேண்டாம். பெற்றோரின் கணக்கே போதும்.

அடுத்தது கைபேசிக் கணக்கெடுப்பு. “யார் வீட்டில் போன் இருக்கிறது, கை தூக்குங்கள்” என்று வகுப்பில் கேட்பது இல்லாதவரை எல்லோர் முன்னும் காட்டிக்கொடுக்கும். துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். கேள்வியும் மாற வேண்டும். வீட்டில் கைபேசி இருப்பது வேறு, அது மாணவர் கைக்கு வருவது வேறு. தந்தை ஆட்டோ ஓட்டிவிட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பும் வீட்டில் கைபேசி இருந்தும் பயனில்லை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை கிடைக்கும் என்று கேட்டால், மாலையில் கிடைப்பவர், விடுமுறை நாளில் மட்டும் கிடைப்பவர், கிடைக்காதவர் என மூன்று பட்டியல்கள் தாமாகவே வந்துவிடும்.

உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். தனி சிம் ஒன்றில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவிக்கொள்வது நல்லது. அதில் உரையாடல்களுக்கு வண்ண அடையாளச் சீட்டு ஒட்டும் வசதி உண்டு. “முதல் பதிவு வந்தது”, “பதில் அனுப்பியாயிற்று”, “இரண்டாம் பதிவு வந்தது” என்று மூன்று சீட்டுகள் வைத்துக்கொண்டால் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது ஒரே பார்வையில் தெரியும். இதைத் தாளில் குறித்துவைக்கலாம் என்று தொடங்குபவர்கள் இரண்டாம் வாரத்தில் குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

குழு தொடங்க வேண்டாம். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். தாய்மார்களின் எண்களை 40 வீடுகளுக்குப் பரப்பும் உரிமை நமக்கு இல்லை. முதல் மாதம் தயங்கித் தயங்கிப் பேசும் மாணவரின் குரலை வகுப்பு முழுவதும் கேட்டுவிட்டால், அவர் அடுத்த முறை பேசமாட்டார் என்பது இன்னொரு காரணம். ஒவ்வொருவரும் ஆசிரியருக்குத் தனியாகவே அனுப்பட்டும்.

2. பத்துப் பத்துப் பேராகப் பிரித்தல்

ஆர்வத்தில் 40 பேரிடமும் ஒரே நாளில் பதிவு கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நிமிடப் பதிவைக் கேட்டு, யோசித்து, பதில் சொல்ல மூன்று நிமிடம் ஆகும். 40 பேருக்கு இரண்டு மணி நேரம், இரண்டாம் பதிவையும் சேர்த்தால் நான்கு மணி நேரம். எந்த ஆசிரியராலும் வாரந்தோறும் இதைச் செய்ய முடியாது. பதில் வராது என்று மாணவர் ஒருமுறை உணர்ந்துவிட்டால் அதன்பின் பெயருக்குத்தான் பதிவுகள் வரும்.

வகுப்பைப் பத்துப் பேர் கொண்ட நான்கு அணிகளாகப் பிரியுங்கள். வாரம் ஓர் அணி மட்டும் பதிவு செய்யட்டும். மற்ற மூன்று அணிகளும் அதே பணியை வகுப்பில் இணை இணையாக வாய்மொழியாகச் செய்யும். நான்கு வாரத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று முடியும், ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரத்தில் வேலை அடங்கும். ஓர் அணியிலேயே நன்றாகப் பேசுபவர் எல்லோரையும் சேர்த்துவிடாமல் கலந்து அமையுங்கள்.

3. முதலில் பணி, அப்புறம் செயலி

எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம் என்பதிலிருந்துதான் புதியவர்கள் தொடங்குகிறார்கள். செயலிகள் வரும், போகும். ஃப்ளிப் என்ற காணொளிப் பதிவுத் தளத்தை நம்பி ஆண்டுத் திட்டம் அமைத்தவர்கள், 2024இல் மைக்ரோசாஃப்ட் அதைத் தனிச் சேவையாக நடத்துவதை நிறுத்தியபோது எல்லாவற்றையும் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. பணி சரியாக அமைந்தால் அதை எந்தச் செயலிக்கும் கொண்டுபோகலாம். பெற்றோருக்கு ஏற்கெனவே பழகியது என்பதற்காகவே இங்கே வாட்ஸ்அப்பைச் சொல்கிறேன்.

நல்ல பணிக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. பேசுபவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று கேட்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். கேட்டபின் கேட்பவர் வரையவோ, தேர்ந்தெடுக்கவோ, முடிவு செய்யவோ ஏதாவது இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். “மை ஸ்கூல்”, “மை ஃபேவரிட் லீடர்” போன்ற தலைப்புகள் இந்த மூன்றிலும் தேறாது. அவற்றுக்கு வழிகாட்டி நூல்களில் கட்டுரை தயாராக இருக்கிறது, கேட்பவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. மாணவர் அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார். அது நினைவாற்றலுக்குப் பயிற்சியாகுமே ஒழிய மொழிக்கு ஆகாது.

நன்றாக நடக்கும் பணிகளுக்குச் சில எடுத்துக்காட்டுகள்: பள்ளி வாசலிலிருந்து நூலகத்துக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ வழி சொல்லுதல், கேட்பவர் வரைபடம் வரைதல், வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பெயர் சொல்லாமல் வருணித்தல், கேட்பவர் கண்டுபிடித்தல், ஒரே மாதிரியான இரண்டு படங்களில் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு வேறுபாடு காணுதல், எலுமிச்சைச் சாதம் போன்ற எளிய சமையலை வரிசையாகச் சொல்லுதல், முன்னும் பின்னுமாகக் கலைந்திருக்கும் படங்களைக் கேட்பவர் அடுக்குதல். வழி சொல்லும் பணியில் எக்காரணம் கொண்டும் மாணவரின் வீட்டுக்கு வழி கேட்காதீர்கள். அந்தப் பதிவு இன்னொருவர் கைபேசிக்குப் போகிறது.

4. கேட்பவரை முன்கூட்டியே குறித்தல்

ஆசிரியர் மட்டுமே கேட்கப்போகிறார் என்றால் மாணவர் மதிப்பெண்ணுக்காகப் பேசுவார். சக மாணவர் கேட்டு வரையப்போகிறார் என்றால் புரியவைப்பதற்காகப் பேசுவார். இரண்டும் வெவ்வேறு வகைப் பேச்சு. ஆகவே பணியைக் கொடுக்கும்போதே இன்னாருக்கு இன்னார் கேட்பவர் என்று சொல்லிவிடுங்கள்.

மாணவர் உங்களுக்கு அனுப்பிய பதிவை நீங்கள் கேட்பவரின் வீட்டு எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். அப்படி அனுப்பும்போது குரல் மட்டுமே போகும், முதலில் அனுப்பியவரின் எண் போகாது. ஒரு வாரத்துக்குப் பத்துப் பதிவுகள்தான் என்பதால் இதற்கு அதிக நேரம் ஆகாது. கேட்பவர் கைபேசி கிடைக்காதவராக இருந்தால், மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன் உங்கள் கைபேசியிலேயே ஹெட்போன் வைத்துக் கேட்கட்டும்.

5. கைபேசி இல்லாத ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் மிகுதி. வகுப்பில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காத ஒன்றை மாலையில் தனியாக உட்கார்ந்து பேசச் சொன்னால், மாணவர் முதலில் தமிழில் எழுதுவார், அதை மொழிபெயர்ப்பார், பிறகு வாசிப்பார்.

ஒத்திகைக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். மாணவர் இணை இணையாக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரட்டும். ஒருவர் சொல்ல மற்றவர் வரையட்டும். முகம் தெரியாமல் உட்காரும்போது கையைக் காட்டிச் சமாளிக்க முடியாது, சொல்லால்தான் வழிகாட்ட வேண்டும். குரல் பதிவிலும் அதே நிலைதான். அதன்பின் இணையை மாற்றி அதே செய்தியை இன்னும் இரண்டு பேரிடம் சொல்லவையுங்கள். முதல் முறை 90 விநாடி, அடுத்து 60, கடைசியில் 45 என்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் தடுமாற்றம் குறைவதைக் கண்கூடாகக் காணலாம். ஒரே செய்தியை மூன்றாம் முறை சொல்லும்போது என்ன சொல்வது என்ற கவலை நீங்கி, எப்படிச் சொல்வது என்பதில் கவனம் நிற்கிறது. ஆங்கிலம் கற்பிப்போரிடையே நான்கு, மூன்று, இரண்டு நிமிட முறை என்று வழங்கும் பயிற்சியைத்தான் நம் வகுப்புக்கு ஏற்பச் சுருக்கியிருக்கிறேன்.

பணிக்குத் தேவையான ஐந்தாறு தொடர்களைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள்: “ஆன் யுவர் லெஃப்ட்”, “அன்டில் யூ ரீச்”, “ஜஸ்ட் பிஃபோர்”, “ஆப்போசிட் த போஸ்ட் ஆஃபிஸ்”. முழு மாதிரிப் பத்தியை எழுதாதீர்கள். எழுதினால் பத்துப் பதிவுகளும் அதே பத்தியாகவே வந்து சேரும்.

6. கால் தாள் குறிப்பு

பதிவுக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் கால் தாளில் குறிப்பு எடுக்கட்டும். ஆறு சொற்களுக்கு மேல் கூடாது, வாக்கியம் கூடாது. படம், அம்புக்குறி எதுவும் வரையலாம். திட்டமிடும்போது தமிழில் யோசிப்பதைத் தடுக்க வேண்டாம். என்ன சொல்வது என்பது தமிழில் தெளிவாகிவிட்டால் ஆங்கிலத்துக்கு ஒதுக்க மனத்தில் இடம் மிஞ்சும்.

தாளின் அளவு சிறிய விஷயமாகத் தோன்றலாம். முழுத் தாள் கொடுத்தால் மாணவர் முழுப் பக்கமும் எழுதி வாசிக்கிறார். கால் தாளில் அதற்கு இடமில்லை. மறுநாள் அந்தத் தாளைப் பதிவோடு சேர்த்துப் பாருங்கள்.

7. முதல் பதிவு

பதிவு செய்யும் முறையை வகுப்பில் உங்கள் கைபேசியில் செய்துகாட்டுங்கள். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து மேல்நோக்கி நகர்த்தினால் பூட்டு விழும், அதன்பின் விரலை எடுத்துவிடலாம். இடையில் நிறுத்தித் தொடரலாம், அனுப்பும் முன் கேட்டுப் பார்க்கலாம், குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தி அழிக்கலாம். பூட்டத் தெரியாதவர் விரல் நழுவிப் பாதிப் பேச்சை அனுப்பிவிட்டு, அந்த வெட்கத்தில் மறுபடி முயலாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மின்விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் தள்ளி, கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடிக்கச் சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்தில் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைச் சொன்னால் போதும்; ஃபார்வர்டு செய்யும் பதிவில் முழுப்பெயர் இருக்க வேண்டியதில்லை.

விதிகள் மூன்றே. ஒரு நிமிடத்துக்கு மிகாமல் பேச வேண்டும். அனுப்பும் முன் ஒருமுறை கேட்க வேண்டும். அதிகம் போனால் இரண்டு முறைதான் அழித்துப் பேசலாம். கடைசி விதி இல்லாவிட்டால், குறையே இல்லாமல் பேச நினைக்கும் பிள்ளைகள் இரவு முழுவதும் கைபேசியை வைத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வாரம் வீட்டில் கைபேசியே கிடைக்காது. இரவு ஒன்பது மணிக்கு மேல் வருவதை மறுநாள்தான் கேட்பேன் என்று நீங்களும் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

8. கேட்பவரின் கேள்வி

வழி சொல்லும் பணியில் வழக்கமாக வரக்கூடிய ஒரு முதல் பதிவு இப்படி இருக்கும்: “கோ ஸ்ட்ரெய்ட். தென் டேங்க் கம்ஸ். தென் டர்ன். தென் டெம்பிள். தென் லைப்ரரி.” கேட்பவர் பென்சிலோடு உட்கார்ந்து வரையத் தொடங்கி, “டர்ன்” என்ற இடத்தில் நிற்கிறார். எந்தப் பக்கம் திரும்புவது? குளம் வழியில் குறுக்கே இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா? அவர் தன் அரைகுறை வரைபடத்தின் கீழ் ஒரு கேள்வி எழுதுகிறார்: “லெஃப்ட் ஆர் ரைட்? டேங்க் இஸ் ஆன் விச் சைட்?”

அந்தக் கேள்வி இலக்கணப்படி சரியா என்று இப்போது பார்க்க வேண்டாம். பேசியவரின் பேச்சில் எது குறைந்தது என்பதை ஆசிரியரின் சிவப்பு மையைவிடத் தெளிவாக அது காட்டிவிட்டது. கேட்பவர் ஒவ்வொருவரும் கட்டாயம் ஒரு கேள்வி எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். எல்லாம் புரிந்துவிட்டால் மேலும் அறிய விரும்பும் ஒன்றைக் கேட்கட்டும். “வெரி குட்”, “சூப்பர்” என்று எழுதித் தருவதை ஏற்காதீர்கள். பாராட்டுக் கிடைத்தவர் அதோடு நின்றுவிடுவார். கேள்வி வந்தால் மறுபடி பேசியாக வேண்டும்.

வரைபடத்தையும் கேள்வியையும் மறுநாள் காலை பேசியவரிடம் நேரில் கொடுக்கச் செய்யுங்கள். கோணலாகப் போன தன் வழியைத் தாளில் பார்க்கும்போது வரும் சிரிப்பு இந்த முறையின் நல்ல பகுதிகளில் ஒன்று.

9. ஆசிரியரின் பதில்

பதிலையும் குரலிலேயே, 20 விநாடிக்குள் அனுப்புங்கள். முதலில் செய்தியைப் பற்றிப் பேசுங்கள்: குளத்துக்கு அடுத்துக் கோயில் வருவது தெரிந்துவிட்டது, திரும்பும் பக்கம்தான் தெரியவில்லை. அதன்பின் மொழியைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. மாணவர் சொன்ன வாக்கியத்தை எடுத்து, திருத்திய வடிவில் இயல்பாகச் சொல்லிக்காட்டினாலே போதும்: “ஓகே, சோ ஐ டர்ன் அட் த டேங்க், அண்ட் தென் ஐ சீ த டெம்பிள்.”

எல்லாத் தவறுகளையும் திருத்தும் ஆசையைக் கட்டுப்படுத்துவதுதான் கடினம். பத்துத் திருத்தங்கள் வந்தால் மாணவர் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த பதிவைச் சுருக்கிவிடுகிறார், ஏனெனில் குறைவாகப் பேசினால் தவறும் குறையும். எந்தத் தவறைத் தேர்வது என்று ஐயம் வந்தால், கேட்பவருக்குப் புரியாமல் போனதற்குக் காரணமான தவறைத் தேருங்கள். உச்சரிப்புக்கும் இதுவே அளவுகோல். “ஸ்கூல்” என்பதற்கு முன் இகரம் சேர்ந்து ஒலித்தால் பொருள் கெடுவதில்லை, அதை விட்டுவிடலாம்.

மாணவர் பதிவுகளை 1.5 மடங்கு வேகத்தில் கேட்காதீர்கள். எங்கே தயங்கினார், எங்கே சொல் தேடினார் என்பது வேகத்தில் மறைந்துபோகும். நீங்கள் கேட்க வேண்டியதே அந்தத் தயக்கங்களைத்தான். கட்டைவிரல் குறியை மட்டும் அனுப்புவதும் பதில் ஆகாது.

10. இரண்டாம் பதிவு

முதல் பதிவு முடிந்த மூன்று நாளுக்குள் இரண்டாம் பதிவு வர வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போனால் செய்தி மறந்து, மாணவர் முதலிலிருந்து தொடங்குவார். பணி அதேதான், கேட்பவர் மட்டும் புதியவர். முதல் கேட்பவருக்குப் பாதி வழி ஏற்கெனவே தெரிந்துவிட்டது. புதியவருக்கு எல்லாவற்றையும் மீண்டும் சொல்லியாக வேண்டும்.

மாணவருக்குக் கொடுக்கும் அறிவுரை ஒன்றே ஒன்று: உன்னிடம் கேட்ட கேள்விக்கு இந்த முறை உன் பேச்சிலேயே விடை இருக்கட்டும். “இன்னும் நன்றாகப் பேசு” என்பது அறிவுரை அல்ல, அதை வைத்து ஒரு பிள்ளையும் எதையும் மாற்ற முடியாது.

மேலே சொன்ன பதிவின் இரண்டாம் வடிவம் இப்படி வளரும்: “கம் அவுட் ஆஃப் த கேட் அண்ட் கோ ஸ்ட்ரெய்ட் அன்டில் யூ ரீச் த டேங்க். த டேங்க் இஸ் ஆன் யுவர் ரைட். டர்ன் லெஃப்ட் தேர். யூ வில் சீ எ டெம்பிள். த லைப்ரரி இஸ் பிஹைண்ட் த டெம்பிள்.” இதில் “அன்டில்” வந்துவிட்டது, “பிஹைண்ட்” வந்துவிட்டது, “தென், தென்” என்று கோத்துக்கொண்டிருந்த பேச்சில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று தாமாக இணைந்துவிட்டன. இந்த இலக்கணத்தைத் தனிப் பாடமாக யாரும் நடத்தவில்லை. தன் செய்தி போய்ச் சேரவில்லை என்று தெரிந்த இடத்தில் மாணவரே சொல்லைத் தேடியிருக்கிறார், கரும்பலகையில் இருந்த தொடர் அப்போதுதான் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த, ஆங்கிலம் பேசும் குழந்தைகளை ஆராய்ந்த மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் எடுத்துச்சொன்னதும் இதை ஒட்டியதே: ஆண்டுக்கணக்கில் கேட்டுப் புரிந்துகொண்டாலும் பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு வளர்வதில்லை; புரியும்படி சொல்லியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வேண்டும். அந்த நெருக்கடியைக் கேட்பவரின் கேள்வி உண்டாக்குகிறது. அதற்கு விடை சொல்லும் வாய்ப்பு இரண்டாம் பதிவில் கிடைக்கிறது.

இரண்டும் வந்தபின், மாணவர் அடுத்தடுத்து இரண்டையும் கேட்டு, என்ன மாறியிருக்கிறது என்று ஒரே வரியில் எழுதட்டும். தமிழில் எழுதினாலும் சரி. இதற்குமேல் மூன்றாம் பதிவு வேண்டாம், சலித்துவிடும்.

11. பேச்சிலிருந்து எழுத்துக்கு

உங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் என்னும் கணினி ஆய்வகம் இருந்து, இணையமும் மைக்கும் வேலை செய்தால் இந்தப் படியைச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் விட்டுவிடுவதால் குறையில்லை. குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங்கைத் தேர்ந்தெடுத்து, மொழியை இந்திய ஆங்கிலம் என்று மாற்றுங்கள். இதை மாற்றாமல் அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, “என் பிள்ளைகள் பேசுவது கணினிக்குப் புரியவில்லை” என்று வருந்துபவர்கள் உண்டு. கைபேசியில் ஜிபோர்டு விசைப்பலகையிலும் இதே வசதி இருக்கிறது.

மாணவர் தன் இரண்டாம் பதிவை மீண்டும் பேசினால் அது எழுத்தாக விழும். நிறுத்தற்குறிகள் பெரும்பாலும் இருக்காது. வாக்கியம் எங்கே முடிகிறது, பெரிய எழுத்து எங்கே வர வேண்டும் என்று மாணவரே பிரித்தாக வேண்டும். நல்ல எழுத்துப் பயிற்சி இது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் பேசவிடாதீர்கள், அடுத்தவர் குரலையும் மைக் எழுதிவிடும்.

கணினி தவறாக எழுதிய சொற்களை எண்ணி உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுவது பெரிய தவறு. அறையின் இரைச்சல், மைக்கின் தரம், ஊர்ப்பெயர்கள் எல்லாம் அதைக் குழப்பும். சக மாணவருக்குப் புரிந்தது கணினிக்குப் புரியாவிட்டால், புரிந்துகொண்டவரை நம்புங்கள்.

12. கைபேசி கிடைக்காத மாணவர்கள்

மதிய உணவு இடைவேளையில், நூலகம் போன்ற அமைதியான இடத்தில், உங்கள் கைபேசியின் ரெக்கார்டரில் இவர்கள் பேசட்டும். விமானப் பயன்முறையைப் போட்டுக் கொடுத்தால் நடுவில் அழைப்பு வராது. பதிவு செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். மற்றவருக்குக் கிடைக்கும் தனிமை இவருக்கும் கிடைக்க வேண்டும்.

இவர்களைக் கடைசியாக அழைப்பதுதான் வழக்கம். முதலில் அழையுங்கள். வாரத்தின் முதல் பதிவு இவர்களுடையதாக இருந்தால் இரண்டாம் பதிவுக்கு நாள் மிஞ்சும். கடைசியாக விட்டால் வெள்ளிக்கிழமை மணி அடித்துவிடும், இரண்டாம் பதிவு இல்லாமலே இவர்களின் சுற்று முடிந்துவிடும். வீட்டில் அண்ணன் கைபேசியைத் தர மறுப்பதாகச் சொல்லும் மாணவிகளையும், காரணத்தைத் துருவிக் கேட்காமல், இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

13. வாசித்து அனுப்புபவரும் எழுதிவாங்கி அனுப்புபவரும்

வாசிப்பது கேட்டாலே தெரியும். மூச்சு வாக்கியத்தின் முடிவில் மட்டுமே வரும், “அ... அ...” என்ற தேடல் இருக்காது, வகுப்பில் அந்த மாணவர் வாயில் ஒருநாளும் வராத சொற்கள் வரும். சாட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் எழுதி வாங்கியதாக இருந்தால் எல்லா வாக்கியமும் ஒரே அளவில் வழுவழுப்பாக இருக்கும்.

கண்டுபிடித்துத் தண்டிக்க முயலாதீர்கள். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு வகுப்பின் நம்பிக்கையைக் கெடுக்கும். அக்காவிடம் உச்சரிப்புக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவரும் அதில் சிக்குவார். பணியின் வழியாகவே இதைத் தடுக்கலாம். உங்கள் ஊர்க் குளமும் கோயிலும் எந்தப் பக்கம் என்று எந்தச் செயலிக்கும் தெரியாது. அப்படியும் வாசித்தவர், கேட்பவரின் கேள்விக்கு மறுநாள் நேரில் நின்று விடை சொல்லும்போது தன் சொந்த ஆங்கிலத்துக்கு வந்தாக வேண்டும். பலர் வாசிப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல, பயம். அப்படிப்பட்டவருக்கு ஒத்திகையில் கூடுதலாக ஓர் இணையைக் கொடுங்கள்.

14. மதிப்பெண், சேமிப்பு, அழித்தல்

முதல் சுற்றுக்கு மதிப்பெண் வேண்டாம். இரண்டாம் சுற்றிலிருந்து, கேட்பவரால் பணியை முடிக்க முடிந்ததா, கேள்விக்கு இரண்டாம் பதிவில் விடை இருந்ததா என்ற இரண்டை மட்டும் ஆம், இல்லை என்று குறித்துவையுங்கள். இலக்கணத்துக்கும் உச்சரிப்புக்கும் எண் போடத் தொடங்கியவுடன் பதிவுகள் சுருங்கத் தொடங்கும்.

ஜூனில் வந்த முதல் பதிவையும், அரையாண்டுத் தேர்வை ஒட்டி வந்த ஒரு பதிவையும் ஒவ்வொரு மாணவருக்கும் எடுத்துவைத்து, அவருக்கு மட்டும் தனியாகப் போட்டுக்காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் போடுவதென்றால் மாணவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மற்றவற்றை ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பும் தரவும் என்ற பகுதிக்குள் சேமிப்பை நிர்வகிக்கும் இடம் இருக்கிறது. உரையாடல் வாரியாக அங்கே அழிக்கலாம். நீங்கள் ஃபார்வர்டு செய்த படிகள் கேட்பவரின் வீட்டுக் கைபேசியிலும் இருக்கும். அவற்றை நீக்கும்படி பெற்றோருக்குச் செய்தி அனுப்பி, நீக்கியதை மாணவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே அடுத்த சுற்றின் பணியைக் கொடுங்கள்.